பாலைவன டிரக்குக்கு எத்தனை அங்குல டயர்?

"முப்பத்தஞ்சு போடலாமா, முப்பத்தேழு போடலாமா?"

தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு பிக்கப் டிரக்கை வாங்கி, அதைப் பாலைவனத்துக்கு ஏற்றபடி மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எண்கள் டயரின் மொத்த உயரத்தைக் குறிப்பவை, அங்குலத்தில். நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: எந்தப் பாலைவனத்தில் ஓட்டப்போகிறீர்கள்?

ஏனென்றால் பாலைவனம் என்றால் மணல் மட்டும் இல்லை. கிளாமிஸ் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்மேடு. ஜான்சன் வேலியில் ஆளுயரப் பாறைகள். எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் சான் ஃபெலிப்பே பக்கம் போனால், பந்தய வண்டிகள் ஓடி ஓடிக் குழித்துவிட்ட பாதைகள் அலை அலையாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அதை இங்கே 'வூப்ஸ்' என்பார்கள். கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 220 கிலோமீட்டர் போகும் மொஹாவி சாலை இன்னொரு வகை. மொஹாவி மக்கள் நடந்த பழைய தடம், பிறகு குதிரை வண்டிகள் போன பாதை. மணல், சரளை, உலர்ந்த ஏரிப் படுகை என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். நல்ல டயர் போட்ட, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் நான்கு சக்கர இழுவை டிரக்கே அந்தச் சாலையை முடித்துவிடும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வண்டிக்குள் ஏறக்கூடிய மிகப் பெரிய டயரைத் தேடாதீர்கள். போகிற இடத்துக்குப் போதுமான மிகச் சிறிய டயரைத் தேடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது என்ன?

ஒரு டொயோட்டா டகோமா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் தலைமுறையில், கரடுமுரடுப் பாதைக்கென்று வந்த வகையில் 265/70 ஆர்16 டயர் இருக்கும். 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது சதவீதம்: அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 185.5 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்திருப்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

உயரம் வேண்டுமா? பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 371 மில்லிமீட்டர். ரிம் 406.4. கூட்டினால் 777.4 மில்லிமீட்டர், அதாவது 30.6 அங்குலம். இதே கணக்கை 285/70 ஆர்17-க்குப் போட்டால் 32.7 வரும். அதைத்தான் எல்லோரும் '33' என்கிறார்கள். அதற்கு மேல் போனால் எழுதும் முறையே மாறிவிடும். 35 × 12.50 ஆர்17 என்றால் உயரம் 35, அகலம் பன்னிரண்டரை, ரிம் 17, மூன்றும் அங்குலம்தான். பெயர் 35 என்றாலும் டேப் வைத்து அளந்தால் அரை அங்குலம் வரை குறைவாக இருப்பது சகஜம்.

உயரத்தால் என்ன லாபம்?

ஊரில் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு மேல் வரும் உயரம். மழைக்காலத்து வண்டிப்பாதையில் அந்தச் சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறும். அதே பள்ளத்தில் ஒரு தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பெரிய சக்கரம் ஒரு கல்லைத் தொடும்போது தாழ்வான கோணத்தில் தொடுகிறது. அதனால் கல் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை, ஏறவிடுகிறது. பள்ளத்துக்குள்ளும் அது முழுதாக இறங்குவதில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்தில், 30.6 அங்குல டயர் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இறங்கும். 35 அங்குல டயர் 2.6 சென்டிமீட்டர் இறங்கும். நான்கே மில்லிமீட்டர்தான். ஒரு பள்ளத்துக்கு இது ஒன்றுமில்லை. நாள் முழுக்கப் பள்ளத்திலேயே ஓட்டினால் முதுகுக்குத் தெரியும். ஆனால் 'பெரிய டயர் போட்டால் பாதை மெத்தையாகிவிடும்' என்று யாராவது சொன்னால் இந்த நான்கு மில்லிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தையாக்குவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான்.

உயரத்தின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டிரக்கின் பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, லாரிக்காரர்கள் ஹவுசிங் என்று சொல்லும் குண்டான பகுதி இருக்கிறதே, அதற்குள்தான், எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று அது. பாறையில் முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான். நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினாலும் இந்த ஹவுசிங் ஒரு நூல்கூட மேலே வராது. பாடியும் சேசிஸும் மட்டும்தான் உயரும். அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது டயர் மட்டுமே. அதிலும் டயர் கூடிய அளவில் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. 30.6-லிருந்து 32.7-க்குப் போனால் ஒரு அங்குலம். 35-க்குப் போனால் இரண்டு அங்குலம். இந்த ஓர் உண்மை புரிந்துவிட்டால், வண்டியை உயர்த்த விற்கும் 'லிஃப்ட் கிட்' விளம்பரங்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

மணலில் என்ன நடக்கிறது?

ஒட்டகத்தின் பாதம் மணலில் ஊன்றும்போது விரிந்துகொடுக்கும். டயரில் காற்றை இறக்குவதும் அதே வேலைதான். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிற டிரக்கை மணலுக்குள் விடுவதற்கு முன் 15 வரை இறக்குவோம். (பெட்ரோல் பங்கில் "முப்பது வை" என்று சொல்கிறோமே, அதே கணக்குதான்.) இறக்கிய டயரைக் குனிந்து பார்த்தால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும். அதனால் டயர் அகலமாகிவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் கூடுவது நீளம். தரையைத் தொடும் தடம் முன்னும் பின்னுமாக நீள்கிறது, ஏறக்குறைய ஒரு பீரங்கி வண்டியின் பட்டை மாதிரி.

இந்த நீளம் ஏன் முக்கியம்? மணலில் ஓடும் டயர் தனக்கு முன்னால் ஒரு சின்ன மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. அகலமான டயர் அகலமான மேட்டைத் தள்ளும், எஞ்சின் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். உயரமான, கொஞ்சம் ஒடுக்கமான டயரில் அந்த மேடும் ஒடுக்கம், தடமும் நீளம். அதனால்தான் 255/80 ஆர்17 போன்ற ஒல்லியான டயர்கள் எனக்குப் பிடிக்கும். கணக்குப் போட்டால் அதுவும் 33 அங்குலம்தான், ஆனால் 285-ஐ விட மூன்று சென்டிமீட்டர் ஒடுக்கம். பார்வைக்கு அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது. மட்கார்டில் உரசுவதும் குறைவு. கடையில் இதை யாரும் தானாக எடுத்துக் காட்டுவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காற்றை இறக்க முடிவதற்குப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். ஆகவே பெரிய டயர் வாங்கும்போது ரிம்மையும் பெரிதாக்கிவிடாதீர்கள். 33 அங்குல டயரில் 20 அங்குல ரிம் போட்டால் பக்கச்சுவருக்கு மிஞ்சுவது ஆறரை அங்குலம். 17 போட்டால் எட்டு. பாஹா பந்தயத்தின் மிகப் பெரிய டிரக்குகள்கூட 39, 40 அங்குல டயரை 17 அங்குல ரிம்மில் போட்டு ஓடியவைதான்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. 10, 12-க்குக் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து. அந்த விளிம்பைப் போல்ட் போட்டு இறுக்கிப் பிடிக்கும் 'பீட்லாக்' ரிம் இருந்தால்தான் அதற்கும் கீழே போகலாம். அப்புறம் மறக்கக் கூடாத ஒன்று: மணலை விட்டுத் தார்ச்சாலை ஏறும் இடத்திலேயே நின்று காற்றை நிரப்பிவிடுங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். ஏற்கெனவே கொதிக்கும் சாலையில் அந்தச் சூடு டயரைக் கிழித்துவிடும். பெரிய டயருக்குக் காற்று அடிக்கவும் அதிக நேரம் பிடிக்கும், எனவே நல்ல கம்ப்ரசர் ஒன்றை டயர் வாங்கும் பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயருக்குப் பின்னால் வரும் செலவுகள்

முதலில் இடம். என் நண்பர் ஒருவர் 33 அங்குல டயர் போட்டார். "ரெண்டு இன்ச் லிஃப்ட் இருக்கு, தாராளமா ஏறும்" என்று கடையில் சொன்னார்கள். கடை வாசலில் ஏறத்தான் செய்தது. அடுத்த வாரம் ஒகோட்டியோ வெல்ஸ் பாலைவனப் பகுதியில் ஒரு மணல் ஓடையில் இறங்கித் திரும்பும்போது முன்பக்கத்திலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் கிழிந்து டயரில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், கேபினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியின் முனையில் ரப்பர் உரசிய கறுப்புக் கோடு. சமதரையில் நேராக நிற்கும்போது இருக்கும் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டகோமாவில் 33-க்கே பிளாஸ்டிக்கைச் சற்று வெட்டவோ சூடுகாட்டி ஒதுக்கவோ வேண்டியிருக்கும்; 35 என்றால் அந்தத் தாங்கியையே வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிவரும்.

இதற்கு ரிம்மை வெளியே தள்ளினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உள்பக்கம் இடம் கிடைக்கும், உண்மை. ஆனால் வெளியே தள்ளிய டயர் திரும்பும்போது பெரிய வட்டத்தில் வீசும். முன்பு தொடாத இடத்தையும் போய்த் தொடும். சக்கர பேரிங்குக்கும் சுமை கூடும்.

ஸ்பிரிங்குக்கும் தடை வைத்து அமுக்கத்தைக் குறைக்கலாம், ஆனால் அது வேறு விதத்தில் நஷ்டம். ஃபோர்டு ராப்டரின் கதையைப் பாருங்கள். 2010-ல் வந்த முதல் ராப்டரில் 315/70 ஆர்17 டயர், அதாவது ஏறக்குறைய 35. 2021-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் 37 அங்குல டயரையும் கம்பெனியே கொடுத்தது. ஆனால் 37 வாங்கினால், 35-ஐ விட சஸ்பென்ஷனின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைவு. அவ்வளவு பெரிய கம்பெனி, பாலைவனத்துக்கென்றே செய்த வண்டி, அதிலேயே ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க முடிந்திருக்கிறது.

அடுத்தது கியர். உயரமான டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது. ஆகவே மீட்டர் 60 மைல் காட்டும்போது, 35 அங்குல டயர் போட்ட டகோமா உண்மையில் 67, 68-ல் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கருவி வைத்துத் திருத்திவிடலாம். அந்தக் கருவியால் திருத்த முடியாதது எஞ்சினின் சிரமம். கியர் சைக்கிளில் ஏற்றத்தில் தவறான கியரில் மிதிப்பது போலத்தான். வண்டி ஓயாமல் கியர் மாற்றித் தவிக்கும். ஆட்டோமேட்டிக் டகோமாவில் டிஃபரன்ஷியல் விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு முறை சுற்ற வேண்டும். 30.6-க்கு அமைத்த இந்த விகிதத்தை 35-க்குச் சரிக்கட்டினால் 4.47 வருகிறது. அப்படி ஒன்று கடையில் கிடைக்காது, 4.56 போடலாம், டயரின் கூடுதல் எடையையும் சேர்த்து யோசிப்பவர்கள் 4.88 போடுகிறார்கள். நான்கு சக்கர இழுவை என்பதால் முன்னாலும் பின்னாலும் ஒரே விகிதம் வேண்டும், இரண்டையும் திறந்து மாற்ற வேண்டும். கூலியோடு சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்பது சாதாரணம். 33-க்கு இதே கணக்கு 4.18 என்றுதான் வரும். பழைய கியரோடே சமாளித்துவிடலாம். 33-க்கும் 35-க்கும் நடுவில் இருப்பது இரண்டு அங்குலம் மட்டும் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

பிறகு எடை. டகோமாவின் பழைய டயர் ஏறக்குறைய 18 கிலோ. கனமான வகை 35 ஒன்று 30 கிலோவைத் தொடும். சக்கரம் ஒன்றுக்குப் பன்னிரண்டு கிலோ கூடுதல், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் விளிம்பில். பின்பெட்டியில் ஒரு மூட்டை சிமெண்ட் ஏற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. வூப்ஸில் ஒவ்வொரு மேட்டிலும் அந்த 30 கிலோ மேலே எறியப்படுகிறது; எறிந்ததைப் பிடித்து நிறுத்தித் தரையில் இறக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. நூற்றுக்கணக்கான மேடு தாண்டினால் அதற்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து, அது தளர்ந்துபோகும். ஸ்டியரிங் ராடு, பால் ஜாயிண்ட், முன் ஆக்சில் என்று எல்லாமே பழைய டயரின் எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. பிரேக்கும் அப்படித்தான், பெரிய டயரை நிறுத்த அது அதிகம் அழுத்த வேண்டும்.

1967-ல் முதல் பாஹா 1000 பந்தயம் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்தபோது, முதலில் வந்தது ஒரு பெரிய டிரக் அல்ல. விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும் ஓட்டிய மேயர்ஸ் மாங்க்ஸ், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களில் செய்த ஒரு சின்ன 'பக்கி', மணலில் ஓட்டும் லேசான வண்டி. 27 மணி 38 நிமிடம். எடை குறைவு என்பது பாலைவனத்தில் எவ்வளவு பெரிய பலம் என்று எனக்கு அந்த வண்டியைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. அதே பந்தயத்தில் இன்று ஓடும் 'டிராஃபி டிரக்' என்ற பெரிய வண்டிகள் 40 அங்குல டயரில் பறக்கின்றன என்றால், அதன் பின்னால் 30 அங்குலம் ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் அதற்கேற்ற எஞ்சினும் இருக்கின்றன. டயரை மட்டும் அங்கிருந்து எடுத்துவந்து நம் வண்டியில் மாட்டினால் அந்தப் பலம் கூடவே வராது.

ஸ்டெப்னியை மறந்துவிட வேண்டாம். வாங்க வேண்டியது நான்கு இல்லை, ஐந்து. டிரக்கின் அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடம் பழைய அளவுக்குச் செய்தது. 33 ஒருவேளை இடுக்கிக்கொண்டு போகும், 35 பெரும்பாலும் பின்பெட்டிக்குள் தான் வரும். அங்கே அது பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். சின்ன ஸ்டெப்னியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், ஆளில்லாத இடத்தில் மூன்று சக்கரம் ஒரு உயரம், ஒன்று வேறு உயரம் என்று நான்கு சக்கர இழுவையில் ஓட்ட நேரும். டிஃபரன்ஷியலை அரைத்துவிடும்.

பட்டனும் பக்கச்சுவரும்

டயரின் மேல்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். முரட்டு இடைவெளியோடு இருக்கும் பட்டன் டயர், அதாவது மட்-டெரெயின், சேற்றுக்கும் பாறைக்கும் நல்லது. மணலில் அது தோண்டும், சாலையில் இரையும். ஆல்-டெரெயின் வகையில் பட்டன்கள் நெருக்கம். மணல், சரளை, அதற்குப் போகும் நெடுஞ்சாலை மூன்றுக்கும் அது ஒத்துவரும். ஜான்சன் வேலிப் பாறைகளில் வாரம்தோறும் ஏறுபவராக இல்லாவிட்டால் நான் ஆல்-டெரெயினைத்தான் சொல்வேன்.

பக்கச்சுவரில் 'சி', 'டி', 'ஈ' என்று ஓர் எழுத்து இருக்கும். சுமை தாங்கும் தரம் அது. மில்லிமீட்டரில் அளவு எழுதிய டயர்களில் பொதுவாக 'சி' வகைக்கு அதிகபட்சம் 50 பி.எஸ்.ஐ., 'ஈ' வகைக்கு 80. 'ஈ' என்றால் பத்து அடுக்கு என்று சொல்வார்கள். அது பழைய பருத்தி இழை காலத்துக் கணக்கு, இன்றைய டயருக்குள் பத்து அடுக்கு கிடையாது. 'ஈ' கனம், விறைப்பு. கூரான கல்லுக்குத் தாங்கும், பின்பெட்டியில் பாரம் ஏற்றுபவர்களுக்கும் சரி. லேசான டிரக்குக்கு 'சி' கிடைத்தால் அதை எடுங்கள். மணலில் நன்றாக விரிந்துகொடுக்கும், எடையும் குறையும். பழைய டயர் வாங்குவதாக இருந்தால் பக்கச்சுவரில் 'DOT' என்று தொடங்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றால் 2019-ன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புதிதுபோல இருந்தாலும், வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஒரு மதிய நேரம் ஒதுக்கினால் போதும். அதே அளவு டயர் வைத்திருக்கும் யாரிடமாவது ஒன்றே ஒன்றை இரவல் வாங்குங்கள், ரிம்மோடு. நீங்கள் வாங்க நினைக்கும் ரிம்மும் அதுவும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, முன்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்து மொத்தமாகவே கழற்றுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புது டயரை மாட்டி, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் இரண்டு கைகளில் கீழ்க்கையின் (லோயர் ஆர்ம்) அடியில் ஜாக்கி வைத்து மெல்ல ஏற்றுங்கள். எதிர்ப்பு இல்லாததால் டயர் சுலபமாக மட்கார்டுக்குள் ஏறும். கை அதற்கு மேல் ஏறாமல் நிறுத்தும் ரப்பர் தடையைத் தொடும் வரை ஏற்றிவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசி வரை திருப்பட்டும், பிறகு வலப்பக்கம். நீங்கள் டார்ச்சோடு சக்கரத்தின் அருகில் உட்காருங்கள், கையை உள்ளே விடாமல். டயரின் தோள்பட்டையில் முன்கூட்டியே சாக்பீஸ் தேய்த்து வைத்தால், தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பின்னால் கேபின் தாங்கி, முன்னால் பம்பரின் உள்முனை, மேலே பிளாஸ்டிக், உள்ளே மேல்கை, இந்த நான்கு இடமும் கட்டாயம் பாருங்கள். அப்புறம் ஜாக்கியை இறக்கி, பாதி உயரத்தில் ஒரு முறை, முழுக்கத் தொங்கும்போது ஒரு முறை இதையே செய்யுங்கள். சில இடங்கள் பாதி அமுக்கத்தில்தான் உரசும்.

வெள்ளைக் கோடு பிளாஸ்டிக்கில் மட்டும் இருந்தால் ஒரு கத்திரிக்கோல் வேலை. இரும்பில் இருந்தால், அதை வெட்ட மனமும் பணமும் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம். டயரைக் கடையிலிருந்து வாங்கிவந்த பிறகு அந்த யோசனைக்கு இடம் இருக்காது.

புது டயர் மாட்டியதும் சக்கர அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். முதல் 80 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு சக்கர போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இன்னொரு முறை இறுக்க வேண்டும். முதல் மணல் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், வண்டியைக் கழுவுவதற்கு முன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு மட்கார்டுக்குள் எங்காவது கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுவிவிட்டால் அது தெரியாது.